பேண்டேஜ் துணிப் பந்தல்

குமார்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய். லைன் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. ஜெர்மனியில் நீ மூக்கை உறிஞ்சியதுகூட இங்கே ராஜபாளையத்தில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பேச்சை ஆரம்பித்தவன் நான்தான். வயது முப்பதை நெருங்குகிறது, பெண் பார்க்கட்டுமா, இல்லை நீயே யாரையாவது பார்த்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். நீ மூக்கை உறிஞ்சினாய். பிறகு, "குடும்பமெல்லாம் எனக்கு ஒத்து வராதுப்பா. சாகப்போற நேரத்துல பெத்த அம்மாவுக்கே என்னைய ஒரு தடவ பாக்கணும்னு தோணல. பிள்ளைக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. அப்ப நான் அவளுக்கு யாருப்பா?" என்றாய். உன் அம்மா போய் ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. இத்தனை நாளும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஞாயிறுதோறும் என்னிடம், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது.

உன் கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதிப் பார்த்தேன். அதில் அனுப்பிய பிறகும் அழிக்கிற வசதி இருக்கிறது, என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு அது ஆகாது. தபால் பெட்டியில் போட்டுவிட்டால் கையை விட்டு எடுக்க முடியாது, அதனால்தான் இந்தக் காகிதம். நேராக விஷயத்துக்கு வரலாம் என்று மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். வரவில்லை. நம் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஆரம்பித்தால் வரும் போலிருக்கிறது. நீ பொறுமையாகப் படி. பொறுமை இல்லையென்றால் கடைசிப் பக்கத்துக்குத் தாவிக்கொள், அதைத் தடுக்க நான் பக்கத்தில் இல்லை.

நம் வீட்டில் யாருக்கும் பயிர் பச்சையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட்டில் பிட்டர். உன் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு அலுவலகத் தட்டச்சர். மடவார் வளாகத்தில் வாடகை வீட்டு மாடியில் வளர்ந்தவள், மண்ணில் கை வைத்ததே கிடையாது. வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் சும்மா கிடந்த இடத்தில் தோட்டம் போடலாம் என்று ஆரம்பித்தவள் அவள்தான். நீ அப்போது ஆறாம் வகுப்பு. ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே டிபன் பைக்குள் ஏழெட்டு விதைப் பாக்கெட் இருந்தது. கொத்திப் பார்த்தால் அரை அடிக்குக் கீழே வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும்தான் வந்தன. நாம் மூன்று பேருமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பொறுக்கினோம். அப்படியும் அந்த வருடம் விளைந்த முள்ளங்கி ஒவ்வொன்றும் கல்லுக்குக் கல் வளைந்து கேள்விக்குறி மாதிரி வந்தது. உன் அம்மா அதைப் பக்கத்து வீட்டுச் சுப்பம்மாவுக்கும் கொடுத்துவிட்டு, "இது வேற ரகம்" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள்.

நாற்று விடுவதற்கு அவள் கண்டுபிடித்த வழி உனக்கு நினைவிருக்கும். அவள் ஆபீசில் யாருக்குப் பதவி உயர்வு வந்தாலும் பால்கோவா, யார் மாற்றலாகிப் போனாலும் பால்கோவா. காலி டப்பாக்களை ஒன்றுகூடத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றில் மண் போட்டு, தக்காளி விதையும் கத்தரி விதையும் தூவி, ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். மூடியில் பெயரை டைப் அடித்து ஒட்டியது வேறு. ஆபீஸ் கோப்பு மாதிரியே இருந்தது. டப்பாவைச் சரியாகக் கழுவவில்லை. மறுநாள் காலையில் ஜன்னலிலிருந்து அடுப்படி வரைக்கும் எறும்புச் சாரை. இனிப்பைத் தின்ன வந்த எறும்பு, தின்றது போதாதென்று விதையையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனது. நான் கத்தினேன். அவள் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு, "அதுகளுக்கும் தோட்டம் போட ஆச இருக்காதா? நீங்க எதுக்கு இம்புட்டுக் குதிக்கிய?" என்றாள். நீ அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அந்தச் சாரை எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருந்தாய்.

எனக்கோ அப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார வராது. தறியில் நூல் அறுந்தால் நிறுத்த வேண்டும், எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும், சரி செய்து ஓட்ட வேண்டும். இருபத்தெட்டு வருடம் செய்த வேலை அது. வீட்டிலும் அதையேதான் செய்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தாலும், அவளுக்கு ஆபீசில் மனக்கஷ்டம் வந்தாலும், நான் கேட்கிற முதல் கேள்வி, என்ன கோளாறு, எதை மாட்டினால் சரியாகும் என்பதுதான். யாரையும் எதுவும் கேட்காமல் நானாக ஒரு முடிவெடுத்து, நானாகவே அதைச் செய்தும் முடித்துவிடுவேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்வேன். அதுதான் என்னிடம் உள்ள பெரிய கோளாறு, குமார். அதை மட்டும் நான் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவில்லை.

பாகல் பந்தலைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. இரண்டாவது வருடம் ஆடியில் போட்ட பாகலும் பீர்க்கும் பந்தலில் ஏறிச் சடசடவென்று காய்த்தன. சுண்டுவிரல் அளவு பிஞ்சாக இருக்கும்போதே ஈ வந்து குத்திவிடும். நறுக்கினால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். உன் அம்மா பார்த்துப் பார்த்து வளர்த்த காயைக் குப்பையில் கொட்டும்போது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஷெட்டில் நெசவுக் கோளாறு என்று ஒதுக்கிய பேண்டேஜ் துணி மூலையில் கிடந்தது. கேட்டு வாங்கி வந்தேன். காற்று போகும், வெளிச்சம் போகும், ஈ போகாது. இதைவிட வேறு என்ன வேண்டும்? உன் அம்மா அதைப் பட்டை பட்டையாகச் சேர்த்துத் தைத்தாள். பந்தலை மேலும் கீழும் நான்கு பக்கமும் சுற்றி, ஊக்குப் போட்டு இறுக்கினேன். சுப்பம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, தன் தெலுங்கு கலந்த தமிழில், "ஏமண்ணா, பந்தலுக்கு ஆபரேஷனா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. எனக்குக் கவலையில்லை. ஒரு ஈகூட உள்ளே போகவில்லை என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த வருடம் பூத்த மாதிரிப் பந்தல் எந்த வருடமும் பூக்கவில்லை. துணிக்குள்ளே மஞ்சள் மஞ்சளாகத் தெரியும். ஆனால் ஒரு காயும் பிடிக்கவில்லை. பூவுக்கு அடியில் இருக்கிற பிஞ்சு இரண்டு நாளில் பழுத்து உதிர்ந்துவிடும். சத்து போதவில்லை என்று கடலைப் புண்ணாக்கை ஊற வைத்து ஊற்றினேன்; நாற்றம் தாங்காமல் சுப்பம்மா வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். உன் அம்மா இரண்டு முறை மெதுவாகச் சொன்னாள்: "தேனீ உள்ள வரணும்லங்க. கொஞ்சம் தொறந்து வச்சாத்தான் என்ன?" தேனீ வரும் வழியில் ஈயும் வருமே என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறேன், சுவரோரத்து மூலையில் மட்டும் ஆறு பாகற்காய் தொங்குகிறது. மகிழ்ச்சி வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அந்த மூலையில் மூன்று ஊக்கு கழற்றியிருந்தது.

"யார்லே இதத் தொறந்தது?" என்று நான் கத்தியதும், பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டைகூட மாற்றாமல் நின்ற நீ, "நாந்தாம்ப்பா. பந்து உள்ள போயிருச்சு" என்றாய். என் கையில் சேறு. அந்தக் கையோடு உன் முதுகில் அறைந்தேன். வெள்ளைச் சட்டையில் என் ஐந்து விரலும் பதிந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தச் சட்டையைத் தேய்த்துத் தேய்த்துத் துவைத்தாள்; பழுப்பாக ஒரு தடம் நின்றுபோனது. அந்த ஆறு காயையும் நான்தான் ரசித்துத் தின்றேன். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்பா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதாவது என்று நினைக்கிற காலம் அது. இப்போது கேட்கிறேன், ஆனால் இந்தக் கடிதத்தில் நான் கேட்க வேண்டிய மன்னிப்புகளில் இது சின்னது.

ஊக்கைக் கழற்றியது நீ இல்லை என்பது எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? மதுரை ஆஸ்பத்திரியில். உன் அம்மா படுக்கையில் இருந்தபடியே ஒரு மத்தியானம் தானாகச் சிரித்தாள். என்னவென்று கேட்டேன். "அந்தப் பாகப் பந்தல்ல ஊக்கக் கழட்டுனது நாந்தேன். காலைல பஸ்ஸுக்குப் போறப்பக் கழட்டுவேன், சாயங்காலம் வந்து மாட்டிருவேன். அன்னைக்கு மறந்துட்டேன். சொல்லத்தான் வந்தேன், அந்தப் பய கண்ணக் காட்டி வேண்டாம்னுட்டான்" என்றாள். பதினைந்து வருடமாக நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் மறைத்த ரகசியம் அது. அவளைக் காப்பாற்ற நீ ஒரு பொய் சொன்னாய், அதற்கு அடியும் வாங்கிக்கொண்டாய். உன் அப்பனும் ஒரு பொய் சொன்னான். அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, செத்துப்போனவள் பேரில் சொன்னான்.

உன் அம்மா என்னிடம் எந்தச் சத்தியமும் வாங்கவில்லை, குமார். உனக்குச் சொல்லக் கூடாது என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. அது என் முடிவு. அவள் கேட்டும் நான்தான் உனக்குச் சொல்லவில்லை.

எழுதிவிட்டேன். கொஞ்ச நேரம் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். அவள் போன செய்தி கேட்டு நீ வந்த அன்றைக்கு எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் முன் அறையில் நின்று, "ஏம்ப்பா எனக்குச் சொல்லல?" என்று கேட்டாய். சுற்றிலும் சொந்தக்காரர்கள். உன் பரீட்சைக்காக நானாக மறைத்தேன் என்று சொன்னால் நீ அப்படியே திரும்பிப் போய்விடுவாய் என்று தோன்றியது. "உங்கம்மாதான்ப்பா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா" என்று வாயில் வந்துவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னதும் எல்லாரும் என்னை நம்பினார்கள். உன் பெரியம்மா, "தாய் மனசு அப்படித்தான். பிள்ள படிப்புக் கெடக் கூடாதுன்னு எல்லாத்தையும் மனசுக்குள்ளயே பூட்டிக்கிட்டுப் போயிருக்கா" என்று அழுதாள். அதற்குப் பிறகு வந்தவர்கள், போனவர்கள் எல்லாரும் அதையே சொல்லி அவளைத் தெய்வமாக்கிவிட்டார்கள். நீ மட்டும் பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாய். அம்மாவை நினைத்து உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். அவள் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று நினைத்து உட்கார்ந்திருந்தாய் என்பது இப்போதுதான் புரிகிறது.

நீ போன பிறகு இந்த வீட்டில் நான் ஒரு ஆள். ஷெட்டிலிருந்து ஓய்வு வாங்கியாகிவிட்டது. காலையில் எழுந்தால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பத்து மணி வரைக்கும் இருக்க முடியும் என்பதை இந்த வயதில் கற்றுக்கொண்டேன். அவள் போன மூன்று மாதத்தில் தோட்டம் காய்ந்து போயிற்று, நான் தொடவில்லை. பிறகு ஒரு நாள் பீரோவைத் துடைக்கும்போது அவள் விதை போட்டு வைத்திருந்த ஆபீஸ் உறைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் டைப் அடித்த சின்னச் சீட்டு: அவரை, குட்டைப் புடல், கொத்தவரை. தூக்கிப் போட மனம் வரவில்லை, போட்டு வைத்தேன். வேண்டாத நேரத்தில் பார்த்து எல்லாமே முளைத்தது. ஒரு புடலங்காய் எனக்கு மூன்று நாள் வருகிறது. முதல் நாள் கூட்டு, இரண்டாம் நாள் பொரியல், மூன்றாம் நாள் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கத்தரிக்காயைச் சுவர் மேல் வைத்துவிடுவேன், சுப்பம்மா எடுத்துக்கொள்வார். காய் பறிக்கும்போது, இதைக் காட்ட ஆள் இல்லையே என்று தோன்றும் பார், அந்த நேரத்தில்தான் அவள் இல்லாதது வலிக்கிறது. மற்ற நேரம் ஏதோ ஓடிவிடுகிறது. உன் ஞாயிற்றுக்கிழமைப் போனுக்காகச் சனிக்கிழமை சாயங்காலமே என்ன பேசுவது என்று யோசித்து வைத்துக்கொள்வேன். இதெல்லாம் உனக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை, ஆனால் இந்த ஒரு போன் நின்றுவிடும் என்ற பயத்தில்தான் உண்மையைச் சொல்லாமல் இருந்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

சுப்பம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறிக் கஞ்சி கொண்டு வந்தவர் அவர். ஆறு மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்: "அண்ணா, பையன்கிட்ட செப்பிட்டீங்களா?" இல்லை என்று தலையாட்டுவேன். போன வாரம் கத்தரிக்காயை எடுக்காமலே நின்றார். "எனக்கு இது தொண்டையில இறங்கல அண்ணா. அவ என்கிட்ட ஒண்ணு செய்யச் சொன்னா, நான் செஞ்சேன். அது அந்தப் பிள்ளைக்குத் தெரியணும். நீங்க செப்பலேன்னா நான் செப்புறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நம் வீட்டு விஷயத்தில் இந்த அம்மாவுக்கு என்ன என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து நீ போனில் அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வயிற்றில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்ததும், டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, மூன்று நான்கு மாதம் இருக்கலாம் என்றார். உன் கடைசிப் பரீட்சைக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. நான் உடனே முடிவெடுத்துவிட்டேன்: பரீட்சை முடிந்ததும் சொல்வது, வருவாய், மூன்று மாதம் அவளோடு இருப்பாய். தறிக்கு நேரம் குறிக்கிற மாதிரி உயிருக்கும் குறித்துவிட்டேன். ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வந்த உடனேயே அவள், "குமாருக்குப் போன் போடுங்க" என்றாள். பரீட்சை நேரம், அவனைக் கலைக்காதே என்றேன். "அதுவும் சரிதேன்" என்றாள், ஆனால் போனை எடுத்து மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அது முதல் தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். வீடியோ வேண்டாம், நெட் சரியில்லை என்று நான்தான் சொன்னேன். அவளிடம் போனைக் கொடுத்துவிட்டு எதிரில் நின்று, சொல்லாதே என்று கையை ஆட்டினேன். உனக்கு அந்தப் போன் நினைவிருக்கும். சாப்பிட்டியா, குளிருதா, ஸ்வெட்டரைத் துவைச்சியா என்றெல்லாம் கேட்டாள். கடைசியில் வைக்க மனமில்லாமல், "வேறென்னப்பா? வேறென்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ, "ஒண்ணுமில்லம்மா, படிக்கணும்" என்றாய். வைத்ததும் என்னைப் பார்த்து, "அவன வரச் சொல்லியிருப்பேன். நீங்க கைய ஆட்டிட்டிய. பாக்கணும் போல இருக்குங்க" என்றாள். அது இரண்டாவது தடவை. அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். இன்னும் பதினெட்டு நாள்தானே என்றேன். அதற்கு அவள் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னோடு சண்டை போட்டுப் பயனில்லை என்று அவளுக்கு முப்பது வருடமாகத் தெரியும், அதனால் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உனக்கு நான் சொல்ல நினைக்கிற புத்திமதி ஒன்றே ஒன்றுதான், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உன்னோடு வாழ ஒரு பெண் வந்தால், அவளுக்கு எது நல்லது என்று நீயாக முடிவு செய்யாதே. கேள். அவள் சொல்வது உனக்குத் தப்பாகத் தெரிந்தாலும், இன்னொரு தடவை கேள். கஷ்டத்தை மறைப்பது பாசம் என்று நினைத்துவிடாதே. நான் அப்படி நினைத்துத்தான், இருக்கிற கொஞ்ச நாளில் தாயும் பிள்ளையும் பேசியிருக்க வேண்டியதை எல்லாம் பேச விடாமல் செய்தேன். உனக்குக் குடும்பம் ஒத்து வராது என்று சொன்னாயே, ஒத்து வராமல் போனது எனக்குத்தான். நீ உன் அம்மா பிள்ளை. உனக்கு ஒத்து வரும்.

ஸ்கேன் எடுத்த பதினேழாம் நாளுக்குப் பிறகு அவள் குரல் உள்ளே போய்விட்டது. டாக்டர் சொன்ன கணக்கெல்லாம் தப்பு என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். நடைபாதையில் நின்று உன் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன். இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று கை ஓடவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே போயிற்று. இருபதாம் நாள் காலை அவள் கையை அசைத்து என்னைக் குனியச் சொன்னாள். "எப்ப வருதான்?" என்றாள். உனக்குத் தகவலே சொல்லவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? "கிளம்பிட்டான். பிளேன் ஏறிட்டான்" என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்ததை அந்த இருபது நாளில் நான் பார்க்கவே இல்லை. மூன்றாவது தடவை கேட்டதற்கு நான் கொடுத்த பதில் இது.

சுப்பம்மா கஞ்சியோடு வந்ததும் உன் அம்மா அவரிடம், "தலைய வாரி விடு சுப்பம்மா. இப்படிக் கெடந்தா அந்தப் பய பயந்துருவான்" என்றாள். இதைத்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்று சுப்பம்மா சொன்னார். ஏற்றிய மருந்தில் முடி பாதி கொட்டிப்போயிருந்தது. அவர் சிக்கெடுத்து, இருந்ததைச் சின்னதாகப் பின்னி, நெற்றியில் பொட்டு வைத்துவிட்டார். கண்ணாடி கேட்டாள், பார்த்துக்கொண்டாள். கதவு தெரிகிற மாதிரிக் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைக்கச் சொன்னாள். நர்ஸ் வந்தாலும் பார்த்தாள், பெருக்குகிறவர் வந்தாலும் பார்த்தாள். அன்று பகல் முழுக்க அவள் தூங்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "பிளேன் எறங்கிருச்சா?" என்றாள். எறங்கிருச்சு, வந்துட்டான், கீழதான் நிக்கான், படியேறி வருதான் என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டு, நெற்றியில் விழுந்திருந்த முடியைத் தானே ஒதுக்கிக்கொண்டு, கதவைப் பார்த்துச் சிரித்தாள்.

உன் அப்பா